அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் சூடாகுது, நின்னுபோகுது: டெல்டா பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கம் வீட்டிலேயே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை, அவர்கள் கேட்டபடியே எழுதிப் பதிலோடு தொகுத்திருக்கிறோம். நம் பக்கம் பெட்டி முழுவதையும் ‘சிபியு’ என்று சொல்லிப் பழக்கம். குழப்பம் வராமல் இருக்க இங்கே பெட்டியைக் கேபினெட் என்றும், உள்ளிருக்கும் சிப்பை ப்ராசஸர் என்றும் சொல்கிறோம். எதையும் வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள் என்று பல பதில்களில் வரும். சூடு என்று நினைத்து ஃபேனுக்கும் கூலருக்கும் காசு போட்ட பிறகு, கோளாறு கரண்டில்தான் இருந்தது என்று தெரியவந்த வீடுகள் உண்டு.

எத்தனை டிகிரி வரைக்கும் போகலாம்? ப்ராசஸர் 80 காட்டுது, பயமா இருக்கு.

80 பயப்படும் அளவு இல்லை. இன்டெல்லின் சமீபத்திய டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் பெரும்பாலானவற்றுக்கு வரம்பு 100 அல்லது 105 டிகிரி. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5000 வரிசைக்கு மாடலைப் பொறுத்து 90 அல்லது 95. ரைசன் 7000 வரிசையில் பெயர் எக்ஸ் என்று முடியும் மாடல்கள், முழு வேலை கொடுத்தால் 95 வரை ஏறி அங்கேயே ஓடும்படிதான் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. வரம்பைத் தொட்டதும் ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறி ஏறினால் அணைந்துவிடும்.

கவனிக்க வேண்டியது சும்மா இருக்கும்போது காட்டும் எண்ணை. எந்த வேலையும் இல்லாதபோது அறை வெப்பத்தைவிட 10 முதல் 20 டிகிரி கூடுதல் என்றால் சரி. 35 டிகிரி அறையில் 50 காட்டினால் விட்டுவிடுங்கள். 75 காட்டினால் கூலர் (ப்ராசஸரின் சூட்டை இழுக்கும் உலோகத் தகடும் ஃபேனும்) ப்ராசஸர் மேல் சரியாக உட்காரவில்லை, அல்லது கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டியிருக்கிறது. எம்.2 எஸ்எஸ்டி எனும் சிறு சேமிப்பு அட்டையின் மேல் போடும் தகட்டிலும் இதே தாள் உண்டு.

எதுல பார்க்கிறது? எந்த எண்ணைக் குறிச்சு வைக்கிறது?

எச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து, சென்சார் மட்டும் காட்டும்படி வைத்து, ‘மேக்ஸிமம்’ என்ற பத்தியைப் பாருங்கள். அதோடு சுவரில் மாட்டும் சாதாரண வெப்பமானி ஒன்றை, கேபினெட்டுக்குக் காற்று நுழையும் முன்பக்கத்தில் தொங்கவிடுங்கள். இது இல்லாமல் எடுக்கும் எண் எதற்கும் உதவாது.

மூன்று எண்கள் போதும்: அறை வெப்பம், சும்மா இருக்கும்போது ப்ராசஸரின் வெப்பம், சினிபெஞ்ச் அல்லது ஓசிசிடி என்ற, முழு வேலை கொடுக்கும் சோதனை மென்பொருளைப் போட்டு 20 நிமிடம் ஓட்டிய பின் அதன் வெப்பம். மூன்றாவதிலிருந்து முதலாவதைக் கழியுங்கள். கிடைக்கும் வித்தியாசம்தான் உங்கள் கூலரின் உண்மையான மதிப்பெண். தேதி போட்டு எழுதி, கேபினெட்டின் பக்கத் தகட்டுக்கு உள்பக்கம் ஒட்டி வையுங்கள். அடுத்த முறை திறக்கும்போது அதுவே பேசும்.

மார்கழியில நல்லாத்தான் இருந்துச்சு. கத்திரி வெயில்ல மட்டும் கொதிக்குது. எது கெட்டுப்போச்சு?

பெரும்பாலும் எதுவும் கெட்டுப்போகவில்லை. அறை ஒரு டிகிரி ஏறினால் ப்ராசஸரும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். மார்கழியில் 24 டிகிரி அறையில் 70 காட்டிய ப்ராசஸர், மே மாதம் 38 டிகிரி அறையில் 84 காட்டுவது கணக்குப்படி சரி. மேலே சொன்ன வித்தியாசம் இரண்டு நாளிலும் 46 தானே. வித்தியாசமே 46-லிருந்து 58 ஆகியிருந்தால், தூசி அடைத்திருக்கிறது அல்லது ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவே பூசிய பேஸ்ட் காய்ந்திருக்கிறது.

தளம் போட்ட மாடி அறைக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெயிலை உறிஞ்சிய கான்கிரீட் தளம், பொழுது சாய்ந்த பிறகுதான் சூட்டை அறைக்குள் இறக்கும். மத்தியானம் அளந்து நிம்மதியாக இருந்துவிட்டு, ராத்திரி 8 மணிக்குக் கேம் ஆடும்போது மாட்டிக்கொள்வார்கள். அளவை அந்த நேரத்தில் எடுங்கள். 400 வாட் இழுக்கும் கம்ப்யூட்டர் அந்த அறைக்குள் 400 வாட் ஹீட்டர் போலத்தான். சன்னல் மேலே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால், கேபினெட்டுக்குள் இன்னும் இரண்டு ஃபேன் சேர்ப்பதைவிட அதிகப் பலன் தெரியும்.

பக்கத்து மூடியைக் கழட்டிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வச்சா போதாதா?

சோதனைக்கு நல்லது, குடித்தனத்துக்கு ஆகாது. மூடியைக் கழற்றி அதே 20 நிமிட ஓட்டத்தைச் செய்து பாருங்கள். 2, 3 டிகிரிதான் குறைந்தது என்றால் உங்கள் கேபினெட்டில் காற்றோட்டம் சரியாகவே இருக்கிறது. 8, 10 டிகிரி குறைந்தால் முன்பக்கம் மூச்சு முட்டுகிறது. முன்னால் வெறும் கண்ணாடி வைத்த கேபினெட்டுகளில் இது அடிக்கடி. மேசைக்குள் ‘சிபியு வைக்கும் அறை’ என்று கதவு போட்ட தடுப்புக்குள் இருந்தாலும் இதே கதைதான். வெளியே விட்ட சூடான காற்றையே திரும்ப உள்ளே இழுக்கும். வெளியே எடுத்து, பின்னால் சுவருக்கும் கேபினெட்டுக்கும் நடுவே 10 செண்டிமீட்டராவது விடுங்கள்.

மூடியில்லாமலே விட்டால் தூசி வடிகட்டாமல் நுழையும். நம் வீடுகளில் பல்லியும் நுழையும். கரண்டை மாற்றிக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள் போய் ஷார்ட் ஆக ஒரு பல்லி போதும்.

ஃபேன் எந்தப் பக்கம் பார்த்து மாட்டணும்?

முன்னால் இரண்டு 120 மில்லிமீட்டர் ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இது போதும். ஃபேனின் நடு மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள் எந்தப் பக்கமோ, காற்று அந்தப் பக்கமாக வெளியேறும். உள்ளே வரும் காற்று வெளியே போவதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். அப்போதுதான் சந்து பொந்துகள் வழியாகக் காற்று வெளியே கசியும், தூசி வலை உள்ள வாசல் வழியாக மட்டும் உள்ளே வரும்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஊதுபத்தி போதும். ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கேபினெட்டின் பின்பக்கம் விரிவாக்கக் கார்டுகளுக்கான சந்துகளின் ஓரமாக மெல்ல நகர்த்துங்கள். புகை உங்களை நோக்கித் தள்ளப்பட்டால் சரி. நூல் இழுத்தாற்போலச் சந்துக்குள் போனால் முன்பக்க ஃபேன் போதவில்லை, அல்லது முன்பக்க வலை அடைத்திருக்கிறது.

ஏர் கூலர் காத்துல வைக்கலாமா? சில்லுனு இருக்குமே.

வேண்டாம். தண்ணீர் ஆவியாவதால் குளிரும் அந்த ஏர் கூலர் வறண்ட ஊருக்கு நல்ல சாதனம். டெல்டாவில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் அது குறைக்கும் டிகிரியும் குறைவு, கூட்டும் ஈரம் அதிகம். அதைவிட மோசம், காற்றோடு தெறிக்கும் நுண்ணிய துளிகள். போர் தண்ணீரின் உப்பு மதர்போர்டில் வெள்ளைப் படிவாகத் தங்கிவிடும்.

லிக்விட் கூலர் போட்டா அறை சூட்டைத் தாங்குமா?

திரவத்தைச் சுற்றவிட்டுக் குளிர்விக்கும் லிக்விட் கூலரும் அறைக் காற்றில்தான் சூட்டை விடுகிறது. அறை 38 என்றால் எந்தக் கூலராலும் 38-க்குக் கீழே போக முடியாது. 65 வாட் வகுப்பு ப்ராசஸருக்கு சூட்டைக் கடத்தும் நான்கு குழாயும் ஃபேனும் உள்ள டவர் கூலர் தாராளம். அதில் கெடக்கூடியது ஃபேன் ஒன்றுதான், அதுவும் ஐந்து நிமிடத்தில் மாற்றக்கூடியது. லிக்விடில் பம்ப் நின்றால் மொத்தமும் குப்பை. 200 வாட்டுக்கு மேல் இழுக்கும் ப்ராசஸரில் நாள் முழுக்க ரெண்டரிங் செய்பவர்கள் மட்டும் யோசிக்கலாம்.

பேஸ்ட் எவ்வளவு போடணும்? எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை?

நடுவில் ஒரு பச்சைப் பட்டாணி அளவு. நீள்செவ்வகமாக இருக்கும் புதிய இன்டெல் ப்ராசஸர்களுக்கும், ரைசன் 7000-க்கும் பெருக்கல் குறி போல மெல்லிசாக இழுத்தால் மூலை வரை பரவும். கொஞ்சம் கூடினால் பிதுங்கும், அவ்வளவுதான். குறைந்தால்தான் தொல்லை. இரண்டு மூன்று வருடம் கழித்து, மேலே சொன்ன வித்தியாசம் ஏறியிருந்தால் மாற்றுங்கள். ஏறவில்லை என்றால் தொடாதீர்கள்.

ரைசன் 5000 வரையிலான ப்ராசஸர்களில் ஒரு ஆபத்து உண்டு. காய்ந்த பேஸ்ட் பசை போலப் பிடித்திருக்க, கூலரை நேராகத் தூக்கினால் ப்ராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து பின் வளைந்துவிடும். கழற்றுவதற்கு முன் 10 நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து வயரை உருவிவிட்டு, கூலரை இடமும் வலமுமாகத் திருகித் திருகி எடுங்கள். துடைக்க 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹால், செல்போன் சர்வீஸ் சாமான் விற்கும் கடைகளில் கேளுங்கள். சானிடைசரில் பிசுக்கு இருக்கும், வேண்டாம்.

திரும்ப மாட்டும்போது இன்டெல் பெட்டியில் வரும் கூலரின் நான்கு முளைகளையும் குறுக்குக் குறுக்காக அழுத்துங்கள். ஒவ்வொன்றும் ‘டக்’ என்று சொல்ல வேண்டும். பிறகு போர்டின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளை நகங்களுக்கு நடுவே கறுப்பு முளை நான்கிலும் ஒரே அளவு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒன்று உள்வாங்கியிருந்தாலும் அந்த மூலை தூக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

எங்க வீடு வயலோரம். அறுவடை முடிஞ்சா உள்ள ஒரே தூசி. பஞ்சர் கடையில காத்து அடிச்சுக்கலாமா?

அறுவடை மெஷின் கிளப்பும் தூசி, வைக்கோல் தும்பு, ஆலை பக்கத்தில் என்றால் உமிச் சாம்பல். இவை வீட்டுத் தூசியைவிடச் சீக்கிரம் அடைக்கும். ஆண்டுக்கு இருமுறை திறப்பது சரியாக வரும்: சம்பா, தாளடி அறுவடை முடிந்து கத்திரி வருமுன் ஒருமுறை, குறுவை அறுவடை முடிந்து அடைமழை பிடிக்குமுன் ஒருமுறை. முன்பக்க வலையை மட்டும் மாதம் ஒருமுறை கழற்றித் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பின் மாட்டுங்கள்.

பஞ்சர் கடை கம்ப்ரஸர் வேண்டவே வேண்டாம். அதன் டாங்கில் தண்ணீர் தேங்கும், எண்ணெயும் கலக்கும், இரண்டும் காற்றோடு வந்து போர்டில் அடிக்கும். 500, 600 வாட் கையடக்க புளோயர் போதும், வாசலில் வைத்து அடியுங்கள். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டுக்கடங்காமல் சுற்றினால் பேரிங் போகும், ஃபேனே கரண்ட் உற்பத்தி செய்து போர்டுக்குத் திருப்பி அனுப்பவும் கூடும். கூலரின் ஃபேனைக் கழற்றிப் பார்க்காமல் சுத்தம் செய்ததாக நினைக்காதீர்கள். இறக்கை பளிச்சென்று இருக்கும், அதன் பின்னால் தகடுகளின் வாயில் சாம்பல் நிறக் கம்பளி போல ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருக்கும். அதைத் தும்பு தும்பாக உரித்தே எடுக்கலாம்.

அறையில் கொசுவர்த்திச் சுருளோ சாம்பிராணியோ தினமும் புகைந்தால் தூசி பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். புளோயருக்கு அசையாது. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை மேலே சொன்ன ஆல்கஹாலில் நனைத்துத் தேய்க்க வேண்டும்.

அடைமழைக் காலத்துல ஈரம் ஏறிக் கெட்டுப்போகுமா? நாங்க வேதாரண்யம் பக்கம், உப்புக் காத்து வேற.

ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் அறையைவிடச் சூடாக இருப்பதால் அதற்குள் ஈரம் தங்காது. ஐப்பசி, கார்த்திகையில் வாரக்கணக்கில் அணைத்தே கிடக்கும் கம்ப்யூட்டர்தான் கெடும். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த ஈரத்தை இழுத்துக் கரைசலாகிவிடும். கடலோரத்தில் போர்டில் படிந்த உப்புத்தூசி மழைக்காலத்தில் கரண்ட் கடத்தும் படலமாவது இப்படித்தான். அதனால் வேலை இல்லாவிட்டாலும் தினம் ஒரு மணி நேரமாவது ஓட்டுங்கள்.

நாகை, தரங்கம்பாடி, வேதாரண்யம் பக்கத்தில் இருப்பவர்கள் கடல் பார்த்த சன்னல் ஓரத்தைத் தவிருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ராமையும் கிராஃபிக்ஸ் கார்டையும் கழற்றி, தங்க முலாம் பூசிய விளிம்பை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து மாட்டுங்கள். தரையில் வைக்காமல் ஒரு சாண் உயர ஸ்டாண்டு போடுங்கள். வீடு துடைக்கும் தண்ணீரும், வெள்ளம் வந்தால் முதலில் வரும் தண்ணீரும் அடியில் இருக்கும் எஸ்எம்பிஎஸ்-ஸைத்தான் தேடும்.

கேம் ஆடும்போது பட்டுனு ஆஃப் ஆயிடுது. சூடா, கரண்டா?

அணைந்த உடனே பவர் பட்டனை அழுத்துங்கள். எந்த அசைவும் இல்லாமல், பின்னால் எஸ்எம்பிஎஸ் சுவிட்சை அணைத்துச் சில நொடி கழித்துப் போட்டால்தான் உயிர் வருகிறது என்றால், எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்ள அடைத்துக்கொண்டது. பட்டனுக்கு உடனே ஓடினால் ப்ராசஸர் சூடோ வெளிக் கரண்டோ இருக்கலாம். எச்டபிள்யூ இன்ஃபோவில் பதிவை ஓடவிட்டால், கடைசி வரியில் இருக்கும் வெப்பம் எது என்று சொல்லிவிடும். 75-ல் அணைந்திருந்தால் ப்ராசஸரின் சூடு காரணமில்லை.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல்-பவர் 41’ என்று இருப்பதைப் பார்த்துப் பலர் தேட ஆரம்பிக்கிறார்கள். முறையாக அணைக்காமல் நின்றுவிட்டது என்பது மட்டுமே அதன் பொருள், காரணத்தை அது சொல்லாது. கேபினெட்டோடு இலவசமாக வந்த ‘450 வாட்’ எஸ்எம்பிஎஸ்-ஸில் கிராஃபிக்ஸ் கார்டு ஓட்டினால் முதலில் அதை மாற்றுங்கள், 80 பிளஸ் பிரான்ஸ் என்ற செயல்திறன் சான்றாவது இருக்கட்டும். கார்டில் இரண்டு 8 பின் வாசல் இருந்தால், ஒரே கேபிளின் இரண்டு தலைகளை மாட்டாமல் தனித்தனிக் கேபிள் கொடுங்கள். ஒரு வாசலுக்கு அளவு 150 வாட்.

வீட்டுல பெரிய இன்வெர்ட்டர் இருக்கு. ஆனா கரண்ட் போனா கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகுதே?

எஸ்எம்பிஎஸ்-ஸின் கெபாசிட்டர் தாங்கும் நேரம் முழுச் சுமையில் சுமார் 16 மில்லி நொடி. இன்வெர்ட்டர் அதற்குள் மாற வேண்டும். பல இன்வெர்ட்டர்களின் பின்னால் ‘யுபிஎஸ்’ என்றும் ‘நார்மல்’ அல்லது ‘எக்கோ’ என்றும் ஒரு சுவிட்ச் இருக்கும், அதை யுபிஎஸ் பக்கம் தள்ளினால் சீக்கிரம் மாறும். ஆனால் அந்த நிலையில் 180 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதுமே பேட்டரிக்குப் போய்விடும். மோட்டார் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் அடிக்கடி இறங்கும் வீட்டில், கரண்ட் இருக்கும்போதே பேட்டரி தீரும். அப்படிப்பட்ட வீட்டில் இன்வெர்ட்டரை நார்மலில் விட்டு, கம்ப்யூட்டருக்குத் தனியாகச் சின்ன யுபிஎஸ் வைப்பதே சரி. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால் எஸ்எம்பிஎஸ் உறுமும், சிலது அணைந்தேவிடும். சைன் வேவ்தான் வேண்டும்.

600 விஏ யுபிஎஸ் போதுமா?

600 விஏ என்பது பெரும்பாலும் 360 வாட். மானிட்டரோடு சேர்த்து 200 வாட் இழுக்கும் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் போதும். கிராஃபிக்ஸ் கார்டோடு 350 தொட்டால், கரண்ட் போன நொடியில் யுபிஎஸ் அலறிவிட்டு அணையும். 1000 விஏ எடுங்கள். உள்ளே இருக்கும் 12 வோல்ட் பேட்டரிக்கு நம் ஊர் வெயிலில் ஆயுள் குறைவு. யுபிஎஸ்-ஸைக் கேபினெட்டின் சூடான காற்று படும் இடத்தில் வைக்காதீர்கள்.

கேபினெட்டைத் தொட்டா சுருக்குனு ஷாக் அடிக்குது.

எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்-ஸின் வடிகட்டிக் கெபாசிட்டர்கள் கசியும் சிறு கரண்ட் எர்த்துக்குப் போக வழியில்லாமல் கேபினெட் தகட்டிலேயே நிற்கிறது. மல்டிமீட்டரில் பார்த்தால் மெயின் வோல்டேஜில் பாதியளவு காட்டும். செருப்பு போட்டுக்கொண்டு சமாளிக்காதீர்கள். பழைய ஓட்டு வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், மேல் ஓட்டைக்கு வயரே வந்திருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழி போடச் சொல்லுங்கள். அது இல்லாமல் சர்ஜ் புரொடெக்டர் வாங்கினாலும் அதனால் முழுப் பயன் இல்லை. இடி இடிக்கும்போது எர்த் இருந்தாலும் பிளக்கை உருவுங்கள், நெட் கேபிளையும் உருவுங்கள். ஃபைபர் இழை மின்னலைக் கொண்டுவராது, ரவுட்டரின் அடாப்டர் கொண்டுவரும்.

காசு செலவில்லாம சூட்டைக் குறைக்க வழி உண்டா?

உண்டு. கத்திரி தொடங்குமுன் செய்ய வேண்டியதில் இதுதான் முதல் வேலை. ரைசன் என்றால் பயாஸில் (போர்டின் அமைப்புத் திரையில்) எக்கோ மோடு 65 வாட். 105 வாட் ப்ராசஸர் இழுக்கும் உச்சம் 142 வாட்டிலிருந்து 88-க்கு இறங்கும். இன்டெல் என்றால் பவர் லிமிட் 1, 2 (தொடர்ந்து இழுக்கும் வாட், சிறிது நேரம் இழுக்கும் உச்ச வாட்) இரண்டையும் 65, 90 என்ற அளவில் வையுங்கள். வேகம் வாட் குறைந்த அளவுக்குக் குறையாது, கேமில் பெரிதாகத் தெரியவே தெரியாது.

பயாஸுக்குள் போகத் தயங்குபவர்கள், விண்டோஸ் பவர் ஆப்ஷனில் மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்டை 99 ஆக்கினால் டர்போ என்ற கூடுதல் வேகம் நின்றுவிடும். ஆடி பிறந்ததும் 100 ஆக்கிக்கொள்ளலாம்.

எக்ஸ்எம்பி போட்டு ராத்திரியெல்லாம் டெஸ்ட் பண்ணினேன், பாஸ். சித்திரையில மட்டும் ப்ளூ ஸ்கிரீன் வருது.

எக்ஸ்எம்பி என்பது ராமை அதிக வேகத்தில் ஓட்டும் அமைப்பு. ராமின் செல்களில் இருக்கும் மின்னேற்றம் சூட்டில் வேகமாகக் கசியும். மார்கழி ராத்திரி பாஸ் ஆனதற்குச் சித்திரைக்கு உத்தரவாதம் கிடையாது. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ பென் டிரைவில் போட்டு, மூடியை மூடி, மூன்றாம் கேள்வியில் சொன்ன சூடான நேரத்தில் நான்கு சுற்று ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். வந்தால் வேகத்தை ஒரு படி இறக்குங்கள், 3600 என்றால் 3200.

வோல்டேஜைக் குறைச்சேன். கேம்ல நல்லா ஓடுது, சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆகுது. தலைகீழா இருக்கே?

தலைகீழ் இல்லை. ரைசனில் வோல்டேஜைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசரை மைனஸ் 30 என்று எல்லாக் கோருக்கும் (ப்ராசஸருக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதிகளுக்கும்) கொடுத்தால், முழுச் சுமையில் வேகம் குறைவாக இருப்பதால் தாங்கும். லேசான வேலையில் ஒரு கோர் மட்டும் உச்ச வேகத்துக்குத் தாவும். அந்த நொடிக்குத்தான் வோல்டேஜ் போதாது. ஈவென்ட் வியூவரில் ‘வீயா லாகர் 18’ என்ற வன்பொருள் பிழைப் பதிவு இருந்தால் அதற்குள் இருக்கும் ஏபிஐசி என்ற அடையாள எண்ணைக் கொண்டு எந்தக் கோர் என்று கண்டுபிடிக்கலாம். அந்தக் கோருக்கு மட்டும் மைனஸ் 10 கொடுத்து ஒரு வாரம் பாருங்கள்.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை தானாவே கெட்டுப்போகுதுன்னாங்களே, என்னோடதும் அப்படியா?

65 வாட்டும் அதற்கு மேலுமான டெஸ்க்டாப் மாடல்களில் அளவுக்கு மீறிய வோல்டேஜ் கேட்கும் கோளாறு இருந்ததை இன்டெல்லே ஒப்புக்கொண்டு, 2024 ஆகஸ்ட், செப்டம்பரில் ப்ராசஸரின் உள் நிரலான மைக்ரோகோடுக்குத் திருத்தம் கொடுத்தது. வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டியது. 2024 செப்டம்பருக்குப் பிந்தைய பயாஸ் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே சேதமான சிப்பைத் திருத்தம் சரிசெய்யாது. கேம் திறக்கும்போது கிராஃபிக்ஸ் மெமரி போதவில்லை என்று பொய்யாகப் பிழை வருவது அதன் வழக்கமான அடையாளம். அப்படி வந்தால் கூலர் வாங்காமல் வாரண்டிக்கு அனுப்புங்கள்.

எல்லா டெஸ்ட்டும் பாஸ். ஆனா சாயங்காலம் 6லேர்ந்து 9 வரைக்கும் மட்டும் ஹேங் ஆகுது. ரெண்டு கடையில காட்டிட்டேன், அங்க நல்லா ஓடுது.

கடையில் ஓடுகிறது என்றால் கோளாறு உங்கள் அறையில் இருக்கிறது. ஒன்று தளத்தின் சூடு, அதை மூன்றாம் கேள்வியில் சொல்லியாயிற்று. மற்றொன்று பிளக் பாயிண்ட். அந்த நேரத்தில் மல்டிமீட்டரை 750 வோல்ட் ஏசி அளவில் வைத்து, கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போதும் முழுச் சுமையிலும் அதே போர்டில் அளவெடுங்கள். சுமை ஏறியதும் 10 வோல்ட்டுக்கு மேல் விழுந்தால், வயரிங்கில் எங்கோ தளர்வு.

மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை விட்டுச் சுவிட்ச் போர்டைத் திறக்கச் சொல்லுங்கள். நியூட்ரல் ஸ்குரூவின் பக்கத்தில் பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கும், வயரின் உறை மொறுமொறுவென்று உடையும். கருகிய வயர் நுனியை வெட்டி, செம்பு பளபளக்கும்வரை சீவி, புதுச் சாக்கெட் போட்டு இறுக்கச் சொல்லுங்கள். அன்று சாயங்காலமே அதே அளவை மறுபடி எடுத்துப் பாருங்கள்.